மூடுபயிரை மடக்கி உழுவதா, மேய விடுவதா?

இரண்டு பயிருக்கு நடுவே நிலம் சும்மா கிடக்கும் காலத்தில் ஏதாவது ஒரு மூடுபயிர் நிற்க வேண்டும் என்பதை இன்று அநேகமாக எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். வெறும் மண்ணில் மழைத்துளி நேராக அடித்தால் மேல்மண் கட்டிகள் உடைந்து, பொடித்துகள் மண் துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே ஓடு கட்டிவிடும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். இதைத் தடுக்க இலைகளும் வேர்களும் போதும்.

கருத்து வேறுபாடு அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. இடுப்பளவு பச்சை நிற்கிறது. அதை என்ன செய்வது? மடக்கி உழலாம். சாய்த்துப் படுக்க வைத்து மூடாக்காக விடலாம். ஆடு மாடுகளை விட்டு மேய்க்கலாம். அறுத்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோய்த் தீவனமாகப் போட்டு, எருவைத் திருப்பிக் கொண்டுவரலாம். நான்குமே மண்ணுக்கு நல்லது என்று சொல்லப்படுபவைதான். ஆனால் நான்கும் ஒரே நன்மையைத் தருவதில்லை. எல்லா நிலத்துக்கும் எல்லாமும் ஒத்துவருவதும் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்நடையும் வேலியும் குடிநீரும் கைவசம் இருந்தால், மண் ஈரமாக இல்லாத காலத்தில், பாதியை மேயவிட்டுப் பாதியை நிலத்தில் விட்டுவைப்பதுதான் பெரும்பாலான மேட்டு நிலங்களுக்குச் சிறந்தது. அப்படிச் செய்தால் மூடுபயிர் அந்த ஆண்டே தீவனமாகிச் செலவை ஈடுகட்டும், அதனால் அடுத்த ஆண்டும் தொடர்ந்து விதைக்கப்படும். மண்வளம் தொடர்ச்சியில்தான் கூடுகிறது. இந்தப் பாதிக் கணக்கைக் காக்க முடியாதவர் மேய்க்காமல் இருப்பதே நல்லது.

மாட்டின் வயிறு வழியாகப் போனால் மண்ணுக்கு நட்டமா?

ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 2,000 டன். அதில் அங்ககக் கரிமம் (மக்கிய செடி, உயிர்ப்பொருளில் உள்ள கார்பன்) 0.1 விழுக்காடு கூட வேண்டுமென்றால் 2 டன் கரிமம் நிலையாகச் சேர வேண்டும். நன்றாக வளர்ந்த மூடுபயிர் ஹெக்டேருக்கு 5 டன் உலர் எடை தந்தால், அதில் கரிமம் சுமார் 2 டன் இருக்கும். ஒரே பருவத்தில் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடுகின்றன. கடைசியில் மண்ணோடு ஒட்டி நிலைப்பது எட்டில் ஒரு பங்கு அளவுதான், அதாவது கால் டன். மேல்பகுதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 0.1 விழுக்காடு உயர எட்டுப் பருவம் வேண்டும். ஒரே ஆண்டில் மண் மாறிவிட்டது என்று யாராவது பரிசோதனைத் தாளைக் காட்டினால், மாதிரி எடுத்த இடத்தையும் ஆழத்தையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

சரி, இதே பச்சை மாட்டுக்குள் போனால்? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையே நேராகப் பார்த்தது. மாட்டுத் தீவனத்தை அப்படியே மண்ணில் இடுவது, மாடு தின்று சாணமாக்கிய பின் இடுவது, சாண எரிவாயுக் கலனில் செரிக்க வைத்து இடுவது என்று ஒப்பிட்டார்கள். எந்த வழியில் போனாலும், தீவனத்தில் இருந்த கரிமத்தில் நெடுங்காலம் மண்ணில் தங்கும் பங்கு 12 முதல் 14 விழுக்காடு என்றே வந்தது. மண்ணில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலையின் முதல் பகுதியை மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் செய்துவிடுகின்றன. எளிதில் சிதையும் பகுதி அங்கேயே போய்விடுவதால், வெளியே வரும் சாணத்தில் மிஞ்சியிருப்பது கடினமான பகுதி.

இரண்டு தரப்பிலும் நிலவும் நம்பிக்கைகளை இது அசைக்கிறது. மாடு தின்றால் மண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது சரியில்லை. மாடு நடந்தாலே மண் கொழுக்கும் என்பதும் சரியில்லை. கால்நடை புதிதாகத் தழைச்சத்தையோ (நைட்ரஜன்) மணிச்சத்தையோ (பாஸ்பரஸ்) உண்டாக்குவதில்லை. வயலில் இருந்ததைத் தின்று, அந்தச் சத்துகளில் முக்கால் பங்குக்கு மேல் வெளியே விடுகிறது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொண்டுவருவது பயறுவகைச் செடியின் வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர். அதனால் விதைக் கலவையில் பயறுவகை இல்லாமல் மேய்ச்சலை மட்டும் நம்பினால், இருப்பதைச் சுழற்றிக்கொண்டிருப்போமே தவிரத் தழைச்சத்து கூடாது.

அப்படியானால் மேய்ச்சலில் மண் எதை இழக்கிறது? முதலில் போர்வையை. தின்ற இலை மழையை மறிக்காது, வெயிலைத் தடுக்காது. அடுத்தது மண்புழுவுக்கும் பூஞ்சைக்கும் உடனே கிடைத்திருக்கும் இரை. மூன்றாவது, சத்து சீராகப் பரவுவது. மாட்டுச் சிறுநீர் விழும் ஒரு திட்டில் தழைச்சத்து, ஹெக்டேர் கணக்கில் பார்த்தால் பல நூறு கிலோ அளவுக்கு ஒரே இடத்தில் குவிகிறது. எந்தச் செடியாலும் அவ்வளவையும் எடுத்துக்கொள்ள முடியாது. சூடான, வறண்ட மண்ணில் அம்மோனியாவாகக் காற்றில் போகும். மழை பிடித்தால் நைட்ரேட்டாகக் கீழே இறங்கும். பக்கத்துத் திட்டிலோ ஒன்றும் இருக்காது.

வேர்களை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. வேர் வழியாக மண்ணுக்குள் போகும் கரிமம், மேலே இருந்து விழும் இலை தண்டின் கரிமத்தைவிடப் பெரிய பங்கில் நிலைத்து நிற்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வேர் ஏற்கெனவே மண் துகள்களோடு பின்னிக் கிடக்கிறது. அதிலிருந்து கசியும் சர்க்கரைகள் நேராகத் துகள்களுக்கு இடையில் இறங்குகின்றன. எனவே மேலே இருப்பதை யார் தின்றார்கள் என்பதைவிட, கீழே வேர் ஓடிக்கொண்டே இருந்ததா என்பது முக்கியம். ஒட்ட மேய்த்துவிட்டால் செடி மறுதளிர் விடுவதற்கே தன் சேமிப்பைச் செலவழிக்கும், வேர் வளர்ச்சி நின்றுவிடும். அளவாக மேய்த்தால் இலைப் பரப்பு மிஞ்சி, வேர் தொடர்ந்து ஓடும்.

பிரேசிலில் பார்த்தது

இந்த அளவு எது என்பதற்கு நல்ல சான்று தெற்கு பிரேசிலில் இருக்கிறது. ரியோ கிராண்டே டூ சுல் மாநிலத்தில் சாவ் மிகேல் தாஸ் மிஸ்ஸோயெஸ் என்ற இடத்தில் 2001-ல் தொடங்கிய நீண்டகால வயல் ஆய்வு அது. கோடையில் உழாமல் சோயா விதைக்கிறார்கள். குளிர்காலத்தில் கருப்பு ஓட்ஸும் ரைகிராஸும் மூடுபயிர். அதில் மாடுகளை விட்டு, புல் உயரத்தை 10, 20, 30, 40 சென்டிமீட்டர் என்று வெவ்வேறு அளவில் நிறுத்தி மேய்த்தார்கள். மேய்க்காத பாத்தியும் உண்டு. 20 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விட்டுவைத்த பாத்திகளில் மண்ணின் கரிமம் மேய்க்காத பாத்திக்கு ஈடாக நின்றது, சோயா விளைச்சலும் குறையவில்லை. 10 சென்டிமீட்டருக்கு ஒட்ட மேய்த்த பாத்தியில்தான் மண் பின்னடைந்தது.

அங்கே ஆண்டுதோறும் உழவில்லை, மழையும் தாராளம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அதில் உள்ள செய்தி எங்கும் பொருந்தும். மேய்ப்பதா வேண்டாமா என்பதைவிட எந்த உயரத்தில் நிறுத்துகிறோம் என்பதே மண்ணைத் தீர்மானித்திருக்கிறது. மந்தையை எப்போது வெளியே எடுப்பது என்று நாள் கணக்கு வைத்துக்கொள்கிறவர்களிடம் நான் சொல்வது, செடியின் உயரத்தை அளந்து எடுங்கள் என்பதுதான். நாள் கணக்கு மழைக்கு ஏற்ப மாறும், உயரம் ஏமாற்றாது.

மடக்கி உழுவது எப்போது சரி?

அடுத்த பயிர் சீக்கிரம் வைக்க வேண்டும், அதற்கு உடனே தழைச்சத்து வேண்டும், நிலத்தில் நீர் குறைவில்லை என்ற நிலையில் மடக்கி உழுவதற்கு ஈடு இல்லை. சேறு கலக்கி நடும் நிலத்துக்கு அதுவே முதல் தேர்வு. பசுந்தாள் உரச் செடிகளில் தக்கைப்பூண்டு நீர் தேங்கினாலும் தாங்கும், உவர், களர் மண்ணிலும் வரும். சணப்பை 45 முதல் 60 நாளில் பூக்கத் தொடங்கும். மடக்க வேண்டிய நேரமும் அதுதான். பூத்த பிறகு தாமதித்தால் தண்டு நாராகிவிடும். இளம் பயறுவகைச் செடியில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 10 முதல் 20 பங்கு கரிமம் இருக்கும். முற்றிய தானியத் தாளில் அது 60, 80 என்று ஏறும். 25-க்குக் கீழே இருந்தால் சிதையும்போது தழைச்சத்து வெளியே வரும். அதைவிட மிகவும் கூடினால் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த பயிர் வெளிறிப்போகும்.

மேட்டு நிலத்தில் மடக்கி உழுத உடனே விதைப்பது நல்லதில்லை. பச்சை அழுகும் முதல் பத்துப் பதினைந்து நாளில் நாற்றழுகல் பூஞ்சைகள் பெருகி முளையைப் பிடிக்கும். அந்த இடைவெளிக்கு ஈரம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் குறை என்னவென்றால், சூடான ஈர மண்ணில் அத்தனையும் சில வாரத்தில் கரைந்துவிடும். உழவு வேறு காற்றை உள்ளே விட்டு, பழைய கரிமத்தையும் எரிக்கிறது. ரோட்டவேட்டர் போட்டுப் பொடியாக்கினால் மண் கட்டமைப்பும் உடையும். ஆகவே மடக்கி உழுவதை அந்தப் பருவத்துப் பயிருக்கான உரமாக நினைக்கலாம். ஆண்டுக்கணக்கில் மண்ணைக் கட்டியெழுப்ப அதை மட்டும் நம்பினால் முன்னேற்றம் மிக மெதுவாகத்தான் இருக்கும்.

சாய்த்து மூடாக்காக விடுவது சரிவான நிலத்துக்கும், வெயில் சுடும் மானாவாரிக்கும் மிகவும் உகந்தது. மண் சூடாகாது, ஆவியாதல் குறையும், களை முளைப்பது தடைபடும். இதற்குப் புல்வகை அதிகம் உள்ள, கொஞ்சம் முற்றிய பயிர் வேண்டும். இளம் பயறுவகை மட்டும் போட்டால் மூன்று வாரத்தில் மூடாக்கே காணாமல் போகும். கனமான உருளை ஓட்டிப் படுக்க வைப்பதென்றால் தானியப் பயிர் பூத்த பிறகு செய்ய வேண்டும், அதற்கு முன் செய்தால் எழுந்து நின்றுவிடும். படுக்கைக்குள் விதைக்கத் தகுந்த கருவி இல்லாதவருக்கு இந்த வழி பெரும் சிரமம். கறையான் அதிகம் உள்ள மண்ணில் மூடாக்கு வெகு வேகமாக உள்ளே போய்விடும். அது இழப்பில்லை, ஆனால் போர்வையை நம்ப முடியாது.

அறுத்துக்கொண்டு போவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காகிதத்தில் நேர்த்தியான வழி: மண் மிதிபடாது, தீவனம் வீணாகாது, சாணமும் சிறுநீரும் ஒரே இடத்தில் சேரும். நடைமுறையில் எரு அதே வயலுக்கு முழுதாகத் திரும்புவது அரிது. தண்டோடும் இலையோடும் போகும் சாம்பல் சத்து ஆண்டுக்காண்டு வயலிலிருந்து குறையும். மண் ஈரமாக இருந்து மந்தையை உள்ளே விட முடியாதபோதும், வேலி போட வழியே இல்லாதபோதும் இதைச் செய்யலாம். எத்தனை வண்டி போனது, எத்தனை வண்டி வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

மேய்ப்பது என்று முடிவானால்

விதைப்பதற்கு முன்பே இந்த முடிவை எடுக்க வேண்டும், ஏனென்றால் விதைக் கலவையே மாறிவிடும். கொழிஞ்சி அருமையான பசுந்தாள் உரம், ஆனால் கால்நடை அதை விரும்பி மேயாது. சணப்பையின் விதை கால்நடைக்கு நஞ்சு. காய் பிடிக்கும் வரை விட்டுவிட்டு மந்தையை உள்ளே விடக் கூடாது. சோளத்தின் இளம் பயிரிலும், வறட்சியில் வாடிய பயிரிலும், மறுதளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு உருவாகும் தன்மை உண்டு. பசித்த மாடு சில நிமிடத்தில் விழுந்துவிடும். கம்பில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் தழைச்சத்து அதிகம் போட்டு வறட்சியும் சேர்ந்தால் கம்பிலும் நைட்ரேட் குவியும், அதுவும் மாட்டுக்கு நஞ்சுதான். என் விருப்பம், கம்போடு தட்டைப்பயறும், வேர் ஆழத்துக்கு முள்ளங்கி வகை ஏதாவதும் கலந்து விதைப்பது. ஈரமான இளம் பயறுவகையில் பசித்த மாட்டை விட்டால் வயிற்று உப்புசம் வரும். காய்ந்த தாளைத் தின்ன வைத்து, பனி உலர்ந்த பின் உள்ளே விட வேண்டும்.

எத்தனை தலை, எத்தனை நாள்? இதை ஊகிக்கத் தேவையில்லை. ஒரு சதுர மீட்டரில் உள்ள பச்சையை அறுத்து உலர்த்தி எடை போடுங்கள். அரை கிலோ இருந்தால் ஹெக்டேருக்கு 5 டன். பல இடத்தில் எடுத்துச் சராசரி பார்ப்பது முக்கியம். பாதியை விட்டுவிட்டு, மிதிபடுவதையும் கழித்தால் தின்னக் கிடைப்பது 2 டன். 400 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர் தீவனம் தின்னும். ஆக, 20 மாட்டுக்குப் பத்து நாள் தீவனம். ஆடு என்றால் தலைக்கு ஒரு கிலோ வைத்து 200 ஆட்டுக்குப் பத்து நாள். தின்றதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, 700 முதல் 800 கிலோ உலர் சாணம், வயலிலேயே விழும்.

அந்தப் பத்து நாளும் முழு வயலையும் திறந்துவிடுவதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். மந்தை முதலில் பிடித்த செடியைத் தின்னும், நான்கைந்து நாளில் அது தளிர்க்கும், தளிரையே தேடிப் போய் மறுபடி கடிக்கும். பிடிக்காதது முற்றிக்கொண்டு நிற்கும். பிரெஞ்சுக்காரரான ஆந்த்ரே வுவாசன் 1950-களிலேயே இதை வலியுறுத்தினார்: கடிபட்ட செடி மீண்டும் கடிபடும் உயரத்துக்கு வளரும் முன் மந்தை அந்தத் துண்டை விட்டுப் போய்விட வேண்டும். இடம் மாற்றக்கூடிய ஒற்றைக் கம்பி மின்வேலியால் தினம் ஒரு துண்டு ஒதுக்கினால், கடிப்பதும் சீராகும், சாணமும் சீராக விழும். மின்வேலி இல்லாதவர் மேய்ப்பவரை வைத்தோ, நகர்த்தும் பட்டியை வைத்தோ இதைச் செய்யலாம்.

இரவு எங்கே அடைக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். பகலில் வயலில் மேய்த்து இரவில் தொழுவத்தில் கட்டினால் சாணத்திலும் சிறுநீரிலும் கணிசமான பங்கு தொழுவத்தில் சேரும். வயல் தீவனத்தைக் கொடுத்ததோடு நின்றுவிடும். இரவுக் கிடையை வயலிலேயே போட்டு, ஒவ்வோர் இரவும் இடம் மாற்றினால்தான் கணக்கு நேராகும். தண்ணீர்த் தொட்டியையும் நகர்த்த வேண்டும்; ஒரே இடத்தில் வைத்தால் அதைச் சுற்றியே சத்தும் குவியும், மண்ணும் இறுகும்.

இறுக்கம் பற்றிய பயம் நியாயமானதுதான், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். கால்நடைக் குளம்பு இறுக்குவது பெரும்பாலும் மேல் 10 சென்டிமீட்டருக்குள். வேர் அடர்ந்த, உலர்ந்த மண்ணில் அது அடுத்த பயிரின் வேராலும் நனைந்து காய்வதாலும் மண்புழுவாலும் பெரும்பாலும் தேறிவிடும். ஈரக் களிமண்ணில் நிலைமை வேறு: குளம்பு புதைந்து மண் பிசைந்ததுபோல் ஆகி, துளைகள் மூடி, காய்ந்தால் கல்லாகிவிடும். ஒரு மழை நாளில் நடக்கும் சேதம் ஒரு பருவத்து மூடுபயிரின் நன்மையைத் தின்றுவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உடையாமல் கயிறாகத் திரண்டால் மந்தை வெளியேதான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்களுக்காக ஒதுக்கிடமும் காய்ந்த தீவனமும் முன்னதாக இல்லாதவர், களிமண் நிலத்தில் மேய்ச்சலைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

குடற்புழு மருந்தும் சம்பந்தப்பட்டது. ஐவர்மெக்டின் கொடுத்த மாட்டின் சாணத்தில் அந்த மருந்து வெளியாகி, சாண வண்டின் புழுக்களைக் கொல்லும். வண்டு இல்லாவிட்டால் சாணம் மேலேயே காய்ந்து ஓடாகி, அதன் தழைச்சத்தும் காற்றில் போகும். ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணத்துக்குப் பழகிய வண்டுகளே இல்லாமல் மேய்ச்சல் நிலம் சாணத்தால் மூடிக்கொண்டு போனதால்தான், அந்நாட்டு அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1960-களில் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டது. மருந்து தேவையான மாட்டுக்கு மட்டும் கொடுத்து, சில வாரம் அந்த மாட்டை வேறு இடத்தில் வைத்திருக்கலாம். வெளி மந்தையை அழைக்கும்போது அது கடைசியாக எங்கே மேய்ந்தது என்றும் கேளுங்கள். சீமைக்கருவேல் காய் தின்ற மந்தை அதன் விதையை நல்ல முளைப்புத் திறனோடு வயலில் போட்டுவிட்டுப் போகும்.

மழை குறைவான மானாவாரியில், மேய்ச்சல் என்ன, மூடுபயிரே சில ஆண்டு பொருந்தாது. அது குடிக்கும் தண்ணீர் அடுத்த பயிருக்கு உரியது. அடுத்த பயிர் சேமித்த ஈரத்தை நம்பியிருந்தால் விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மூடுபயிரை முடித்துவிட வேண்டும். அதற்கும் நாள் இல்லையென்றால், முந்தைய பயிரின் தாளை நிலத்தில் அப்படியே விட்டு, அதில் மந்தையைச் சில நாள் மட்டும் கிடை போடுவது மேல். அங்கேயும் மண் தெரியும்வரை மேயவிடக் கூடாது.

இன்னும் தயக்கம் இருப்பவர் வயலை மூன்று பட்டையாகப் பிரித்து, ஒன்றை மடக்கி உழுது, ஒன்றைப் பாதி மேய்த்து, ஒன்றை மேய்க்காமல் சாய்த்து விடலாம். மண் பரிசோதனையில் கரிமம் மாற ஆண்டுகள் ஆகும், நீர் உள்ளே இறங்கும் வேகம் அதற்கு முன்பே மாறத் தொடங்கும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் வளையத்தைப் பாதி மண்ணில் இறக்கி, 444 மில்லி தண்ணீரை ஊற்றினால் அது 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். உறிஞ்ச எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஊற்று காய்ந்த மண்ணை நனைக்கவே போய்விடும். இரண்டாவதாக ஊற்றும் அதே அளவு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதை வைத்தே பட்டைகளை ஒப்பிட வேண்டும். மேய்த்த பட்டையில் அது மேய்க்காத பட்டையைவிட நெடுநேரம் எடுத்தால், அடுத்த பருவம் மந்தையின் நாளைக் குறைத்து, நிறுத்தும் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் அந்த நிலத்துக்கு அறுத்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோவதோ சாய்த்து விடுவதோதான் சரி.